பக்கத்து இருக்கையில் 530 மணி நேரம்: ஒரு டெல்டா குடும்பத்துப் பெண் விமானியான கதையின் ஆய்வு

என் அக்கா மகள் இன்று ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறிப் பயணிகள் விமானத்தில் துணை விமானி. சொந்த ஊர் கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 2019இல் தொடங்கி 2025 வரை அவளுடைய பயிற்சிக்கான வரவு செலவு, விண்ணப்பங்கள், கடன் எல்லாவற்றையும் நான்தான் கவனித்துக்கொண்டேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் குடும்பம் அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது.

அவள் சீருடை அணிந்த படம் ஊருக்குள் வலம்வந்த நாளிலிருந்து மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர்ப் பக்கத்துப் பெற்றோர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "சார், 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கிவிட்டால் வேலை கிடைத்துவிடுமா?" ஒவ்வொருவருக்கும் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். அவளுடைய சம்மதத்தோடு, பறந்த மணி நேரங்களைக் குறித்துவைக்கும் பதிவேடான அவளுடைய லாக்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நிலம் இருந்தது, அடமானம் இல்லை

அத்தானுக்கு 14 மா நிலம். மூன்று மாவை ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. குறுவையும் தாளடியும் சரியாக அமைந்தால் குடும்பம் ஓடும். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் படித்திருந்தாள். வணிக விமானி உரிமத்துக்கு இந்த இரண்டு பாடங்களும் கட்டாயம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும்.

முதல் செயலாக நாங்கள் செய்தது மருத்துவப் பரிசோதனை. எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று வாங்கினோம். பிறகு பெங்களூருவில் உள்ள விமானப்படையின் மருத்துவ நிறுவனத்தில் முதல் வகுப்புப் பரிசோதனை. கண், காது, இதயம், நிறம் பிரித்தறியும் திறன் என்று எல்லாவற்றையும் சோதித்துவிடுகிறார்கள். பள்ளிக்குப் பாதிப் பணம் கட்டிய பிறகு நிறக் குறைபாடு இருப்பதை அறிந்த ஒரு குடும்பத்தை நான் நேரில் பார்த்தேன். அந்தத் தகப்பனார் பெங்களூரு ரயில் நிலையத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில் வரிசை மாறக் கூடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடிச் சொல்கிறேன்.

பணத்தில்தான் அடி வாங்கினோம். கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கிகள் சொத்து அடமானம் கேட்கும். எங்களிடம் சொத்து இருக்கிறதே என்று பட்டாவோடு போனால், மூன்று வங்கிகளிலும் மறுத்துவிட்டார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. கொடுத்த கடன் திரும்பி வராதபோது அடமானச் சொத்தை வங்கிகள் நேரடியாகக் கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதன் 31ஆம் பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. உழவனின் நிலத்தைக் காக்க வந்த நல்ல விதி அது. ஆனால் அதே விதியால், நிலத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத டெல்டா குடும்பத்தின் பிள்ளைக்குப் பெரிய கல்விக் கடன் எட்டாமல் போய்விடுகிறது. ஊரில் இருந்த வீடு பெரியவர் பெயரிலேயே பாகம் பிரிக்காமல் கிடந்தது. கடைசியில் ஆறு மா நிலத்தை விற்றார் அத்தான். அக்காவின் நகைகள் அடகுக்குப் போயின. நான் என் ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியை வைப்புத் தொகையாகப் போட்டு அதன் மேல் கடன் எடுத்தேன்.

பிள்ளையை விமானியாக்க நினைக்கும் குடும்பம் பத்தாம் வகுப்பிலேயே செய்ய வேண்டிய வேலை, வீட்டுப் பத்திரத்தைச் சரி செய்து வைப்பது.

200 மணி நேரம் எப்படிக் கழிந்தது

விதி தெளிவாக இருக்கிறது. வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாக. அந்த 100இல் 15 மணி நேரமாவது விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் பயணமாக 20 மணி நேரம். அதில் ஒன்று 300 நாட்டிகல் மைலுக்கு, அதாவது 556 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு நிலையங்களில் இறங்கி நின்று போனதாக இருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி 10 மணி நேரம். இரவில் 5 மணி நேரம், தனியாகப் பத்து ஏற்றம், பத்து இறக்கம். இதுவும் கடைசி ஆறு மாதத்துக்குள். எழுத்துத் தேர்வுகள் தனி: வழியறிதல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம், வானொலி உரிமம். முதல் நான்கிலும் 70 மதிப்பெண் வேண்டும். அவள் இவற்றை வீட்டில் இருந்தே படித்து, கொரோனா ஆண்டை வீணாக்காமல் முடித்தாள்.

வெளி மாநிலப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் 2021 பிப்ரவரியில் சேர்ந்தாள். 14 மாதத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். 25 மாதம் ஆனது. லாக்புக்கில் இருந்து எடுத்த கணக்கு இது. 2021 ஏப்ரல் வரை 22 மணி நேரம். இரண்டாம் அலையில் பள்ளி மூடியது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 43. 2022இன் முதல் ஆறு மாதத்தில் 38 மட்டும். ஆறு விமானங்களில் மூன்று இன்ஜின் பழுதுக்காக நின்றன, பயிற்றுநர் இருவர் வேலையை விட்டுப் போனார்கள். அந்த ஆண்டு மழைக்காலத்தில் 12. பிறகு அக்டோபர் முதல் 2023 பிப்ரவரி வரை 91. மொத்தம் 206.

அந்த ஆறு மணி நேர அதிகம் எங்கிருந்து வந்தது? 2022 ஜூனில் இரவுப் பறப்பை முடித்துவிட்டாள். மற்றவை தாமதமானதால் ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டது. ஜனவரியில் மீண்டும் பணம் கட்டி இரவில் பறந்தாள். பள்ளியின் தாமதத்துக்கு நாங்கள் கட்டிய அபராதம் என்றே அதைச் சொல்வேன்.

இன்னொரு இழப்பு இதைவிடப் பெரியது. ஏப்ரலில் 22 மணி நேரத்தில் நின்றபோது, அவள் முதல் தனிப் பறப்புக்குக் கிட்டத்தட்டத் தயார். மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு திரும்பியவளின் தரையிறக்கம் பத்து மணி நேரத்து மாணவியின் தரையிறக்கமாக இருந்தது. ஐந்து மணி நேரம் செலவிட்டு விட்ட இடத்தைப் பிடித்து, 27ஆவது மணி நேரத்தில்தான் தனியாகப் போனாள். பறக்கும் திறமை சைக்கிள் ஓட்டுவதைப் போன்றதன்று. தொடக்கத்தில் அது நாற்றங்காலைப் போன்றது. தண்ணீர் தவறினால் வாடிவிடும். ஆகையால் ஒரு பள்ளியைப் பார்க்கப் போகும்போது மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "இன்று காலை எத்தனை விமானங்கள் பறந்தன, எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள், எத்தனை பயிற்றுநர்கள் வேலையில் இருக்கிறார்கள்" என்று கேட்க வேண்டும். கேட்டதோடு நிற்காமல் விடியற்காலையில் ஓடுபாதை வேலியோரம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டணத்தைப் பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுவதற்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். நாங்கள் முதலிலேயே பெரும் தொகையைக் கட்டிவிட்டுக் குரல் இழந்தோம். 2025 அக்டோபரில் இருந்து சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடத் தொடங்கியிருக்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை.

உணவு, தங்குமிடம், தேர்வு, மருத்துவம் எல்லாம் சேர்த்து உரிமம் கைக்கு வரும்போது எங்களுக்கு ஆன செலவு 51 லட்சம்.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பறக்காமலே லாக்புக்கில் எழுதும் மணி நேரத்துக்கு விமானிகளிடையே பழைய பெயர் ஒன்று உண்டு: பார்க்கர் பேனா மணி நேரம். 2011இல் போலி மதிப்பெண் சான்றும் பொய்ப் பதிவும் வைத்து உரிமம் பெற்றவர்கள் கைதானது நாடே அறிந்த செய்தி. தாமதத்தால் தவித்துக்கொண்டிருந்தபோது அவளிடமும் ஒருவர் ஜாடையாகப் பேசினார். அன்றிரவு தொலைபேசியில் என்னிடம் அழுதாள். "மாமா, நிலத்தை விற்ற பணத்தில் நான் பொய் எழுத மாட்டேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் இரண்டு மா விற்றிருந்தாலும் எனக்குச் சம்மதமே.

ஆறு மாதம் தரையில்

2023 ஏப்ரலில் உரிமம் வந்தது. மே 3ஆம் தேதி கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உள்ள விமானிகள் ஒரே வாரத்தில் வேலை தேடி நின்றார்கள். 206 மணி நேரப் பெண்ணின் விண்ணப்பத்தை யார் திறந்து பார்ப்பார்கள்?

அந்த ஆண்டு எங்களுக்கு இரட்டை இடி. ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அணையில் இருப்பு வேகமாகக் கரைந்து, அக்டோபர் 10ஆம் தேதி பாசனத்துக்கு மூடப்பட்டது. குறுவை கண்ணெதிரே காய்ந்தது. எஞ்சிய எட்டு மாவிலும் விளைச்சல் வரவில்லை. வீட்டில் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மகள் உரிமத்தை பீரோவில் வைத்துவிட்டு, மாடியில் காகிதத்தில் வரைந்த விமானக் கருவிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் இருந்து சுகோய் விமானம் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டால் கீழே இறங்கி வந்துவிடுவாள்.

ஒரு பேருந்து ஓட்டுநருக்கு உரிமம் கிடைத்த பிறகு ஊரில் டிராக்டரையாவது ஓட்டிக் கையைப் பழக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். விமானிக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஒரு மணி நேரம் வாடகைக்குப் பறப்பதென்றால் பல ஆயிரம் ரூபாய். நாங்கள் இந்த இடைவெளிக்குத் திட்டமே போடவில்லை. 200 மணி நேரத்துக்கு ரூபாய் கணக்கு வரை போட்டு வைத்திருந்த நான், 201ஆவது மணி நேரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. இந்தக் கதையில் என்னுடைய மிகப் பெரிய தவறு அதுதான். இன்று வருகிறவர்களிடம், உரிமத்துக்குப் பிறகு ஓராண்டு கையைப் பழக்கத்தில் வைத்திருக்கவும், டைப் ரேட்டிங் எனப்படும் குறிப்பிட்ட விமானத்துக்கான பயிற்சிக்கும் சேர்த்துத் தனியாகப் பணம் ஒதுக்காமல் இறங்கவே வேண்டாம் என்கிறேன்.

வலது கை இருக்கை

அக்டோபர் கடைசியில் அவளே ஒரு முடிவோடு வந்தாள். மகாராஷ்டிரத்தில் வேறொரு பள்ளியில் உதவிப் பயிற்றுநர் தகுதிக்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "இத்தனை லட்சம் செலவழித்து வாத்தியார் வேலைக்கா?" என்றார் அத்தான். முப்பத்திரண்டு ஆண்டு வாத்தியாராக இருந்த என் முன்னாலேயே சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் தயக்கம்தான். வேலை கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் அது என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது.

பழக்கத்தை மீட்கவும் தகுதித் தேர்வுக்கும் பறந்ததில் கணக்கு 231 ஆனது. 2024 பிப்ரவரியில் பயிற்றுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். சிறிய பயிற்சி விமானத்தில் மாணவர் இடப்பக்கம், பயிற்றுநர் வலப்பக்கம். தலைமைப் பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் அவள் கற்றுக்கொடுக்கலாம். ஒரு மாணவரை முதன்முதலாகத் தனியாக அனுப்பும் முடிவு மூத்தவருடையது. சம்பளம் கடன் வட்டிக்குக்கூடப் பற்றவில்லை. ஆனால் 2025 மார்ச் வரை 530 மணி நேரம் பறந்தாள், ஒவ்வொரு மணி நேரமும் பொறுப்பு விமானியாக, அதற்கு நாங்கள் பணம் கட்டாமல்.

அந்த 530 மணி நேரத்தில் அவள் விமானத்தைக் கையால் ஓட்டியது மிகக் குறைவு. அதுதான் அவளை உருவாக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவள் விவரித்த ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். செஸ்னா 172, மாணவருக்கு பதினெட்டாவது மணி நேரம். ஓடுபாதையை நோக்கி இறங்குகிறார்கள், வேகம் 65 நாட், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். தரைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போதே பையன் மூக்கைத் தூக்கிவிட்டான். விமானம் காற்றில் மிதக்கிறது, வேகம் கரைகிறது. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை இருக்கிறது. இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப் போகும்போது அங்கே காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே ஒரு நாக்கு அதிர்ந்து ஒலிக்கும். மின்சாரம் எதுவும் இல்லை, வெறும் காற்று. "நம் ஊர் நாகசுரக்காரர் வாத்தியத்தில் பொருத்துவதற்கு முன்னால் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பாரே மாமா, அந்தச் சத்தம்" என்றாள். முனகலாகத் தொடங்கி வீரிடும்.

பயிற்றுநராக முதல் மாதத்தில் அந்த முனகல் கேட்டும் அவள் ஒரு நொடி காத்திருந்துவிட்டாள். பையனே சரி செய்வான் என்று எதிர்பார்த்தாள். விமானம் தொப்பென்று விழுந்து துள்ளியது; அப்போதுதான் கட்டுப்பாட்டை வாங்கி, முழு விசை கொடுத்து மேலே ஏறினாள். சேதம் இல்லை. அன்று இரவு தூங்கவில்லை. அடுத்த வாரம் அதற்கு நேர்மாறு: ஒவ்வொரு சிறு தவறுக்கும் கையை நீட்டினாள். மாணவன் சோர்ந்து போனான். எதையும் தானாகச் செய்யாமல் அவள் கைக்குக் காத்திருந்தான். மூத்த பயிற்றுநர் கூப்பிட்டுச் சொன்னது: முதலில் வாய், பிறகு கை. அதன் பிறகு அவள் ஒரு முறையை வகுத்துக்கொண்டாள். வேகம் ஐந்து நாட் குறைந்தால் "வேகம்" என்ற ஒரே சொல். மாணவர் அசையவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. அதற்கும் அசையவில்லை என்றால், கட்டுப்பாடு என்னிடம் என்று உரக்க அறிவித்து வாங்கிக்கொள்வது. எந்த உயரத்துக்குக் கீழே இந்த மூன்று படியும் ஒரே படியாக வேண்டும் என்பதைப் பழகப் பழகக் கை அறிந்துகொண்டது.

அடுத்தவர் செய்யும் தவறு தொடங்கும் இடத்தைப் பார்ப்பது, தக்க நேரத்தில் சொல்வது, எப்போது கையை மடியில் வைத்திருப்பது, எப்போது நீட்டுவது. தன்னந்தனியாகப் பறந்து சேர்க்கும் மணி நேரம் இதைக் கற்றுக்கொடுக்காது.

1,500 என்ற எண்

அமெரிக்காவில் பிராந்திய விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரக்கூடப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அங்கே 250 மணி நேரத்தில் வணிக உரிமம் பெறும் இளைஞர்கள் மீதியைப் பயிற்றுநர் வேலையில்தான் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். நான்காண்டு விமானப் பட்டம் படித்தவர்களுக்கு 1,000, ராணுவ விமானிகளுக்கு 750 என்று சலுகை உண்டு. நம் நாட்டில் 200 மணி நேர உரிமத்தோடு, டைப் ரேட்டிங் முடித்து, நேரே பெரிய விமானத்தின் துணை விமானி இருக்கையில் உட்காரலாம். 1,500 என்பது இங்கே தலைமை விமானி ஆவதற்கான உரிமத்தின் அளவு.

அமெரிக்க விதி பிறந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் க்யூ400 விமானம் வீழ்ந்தது. தரையில் ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். ஏடிஆரைப் போலவே சுழல்விசிறி கொண்ட பிராந்திய விமானம் அது. இறங்கும் வழியில் வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்ததும் தலைமை விமானி அதை முன்னால் தள்ளுவதற்குப் பதிலாக இழுத்தார். தாழ்ந்த உயரத்தில் வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது என்ற விதியும் மீறப்பட்டிருந்தது. இதன் பிறகு 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2013 முதல் 1,500 மணி நேர விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அன்றைய தலைமை விமானிக்கு 3,000 மணி நேரத்துக்கும் மேல் அனுபவம், துணை விமானிக்கு 2,000 மணி நேரத்துக்கும் மேல். புதிய விதி அன்று இருந்திருந்தாலும் இருவரும் அதே இருக்கைகளில்தான் இருந்திருப்பார்கள்.

2023 ஜனவரி 15இல் நேபாளத்தின் பொக்ராவில் யெட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விழுந்து 72 பேர் இறந்தார்கள். இறக்கை மடிப்பை இறக்கச் சொன்னபோது, பக்கத்து இருக்கையில் இருந்த விமானியின் கை தவறான நெம்புகோல்களை நகர்த்தியது. இரண்டு விசிறிகளும் காற்றைத் தள்ளாத நிலைக்குப் போயின. அந்தக் கை அனுபவம் மிகுந்த பயிற்றுநரின் கை. ஆகையால் பயிற்றுநராக இருந்துவிட்டால் போதும், எல்லாம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் கண்ணும் கையும் ஓட்டுகிறவருடையதைப் போலவே உயிர் காக்கவும் பறிக்கவும் வல்லவை. அந்த இருக்கைக்கான பழக்கத்தை எங்கே பெறுகிறோம் என்பதே என் கேள்வி. 200 மணி நேரப் பாடத்திட்டத்தில் அது ஏறத்தாழ இல்லவே இல்லை. அதற்குப் பிறகு வரும் இரு விமானி ஒத்துழைப்புப் பயிற்சியும் சிமுலேட்டரும் சில வாரங்களில் அதை ஈடுகட்டப் பார்க்கின்றன.

ஏடிஆர்

2025 தொடக்கத்தில் ஒரு நிறுவனம் ஏடிஆருக்குத் துணை விமானிகளை எடுத்தது. எழுத்துத் தேர்வு, கணினி வழித் திறனறிதல், குழுச் சோதனை, நேர்காணல். அவள் கணக்கில் அப்போது 761 மணி நேரம். நேர்காணலில் மணி நேரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்ததாம். மீதி நேரம் முழுக்க, மாணவர் செய்த தவறு ஒன்றையும் நீங்கள் செய்த தவறு ஒன்றையும் சொல்லுங்கள் என்று துருவினார்கள். துள்ளிய அந்தத் தரையிறக்கத்தை மறைக்காமல் சொன்னாள்.

டைப் ரேட்டிங்குக்கு மேலும் 16 லட்சம். இந்த முறை பாகம் பிரித்து என் அக்கா பெயருக்கு வந்த வீட்டின் மேல் கடன் கிடைத்தது.

செஸ்னா 172 சுமார் 1,100 கிலோ. ஏடிஆர் 72 ஏறும்போது ஏறத்தாழ 23 டன். இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றிலும் ஆறு இதழ் விசிறி, எழுபதுக்கும் மேற்பட்ட பயணிகள். சிமுலேட்டரில் முதல் வாரம் தடுமாறினாள். கையால் ஓட்டுவதில் அவளைவிடச் சிறந்தவர்கள் அந்த வகுப்பில் இருந்தார்கள் என்று அவளே சொல்கிறாள். ஆனால் கண்காணிக்கும் விமானியாக உட்கார்ந்த பயிற்சிகளில் குறிப்பு நன்றாக வந்தது. அங்கே ஒரு நடைமுறை இருக்கிறது: ஓட்டுகிறவர் வேகத்தைத் தவறவிட்டால் மற்றவர் "ஸ்பீட்" என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். 22 வயதுப் பெண் 20 ஆண்டு அனுபவமுள்ள கேப்டனிடம் அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நாம் வளர்த்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எளிதில் வெளியே வராது. அவளுக்கு மாணவர்களிடம் ஆயிரம் முறை சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறியிருந்தது.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். அவளோடு படித்த ஒரு பையன் 210 மணி நேரத்தில் ஏர்பஸ்ஸுக்குத் தேர்வாகி, அவளுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகச் சேர்ந்தான். விமான நிறுவனத்தில் பணிமூப்புதான் எல்லாம். தலைமை விமானி ஆவதில் அவன் அவளுக்கு முன்னால் நிற்கிறான். நல்ல விமானி, இவளைவிடக் குறைந்தவன் அல்லன். எங்களுக்கு அந்த இடைவெளியில் ஏறிய வட்டி மட்டும் சில லட்சம். வாய்ப்பு நேரே வந்தால் அதை விட்டுவிட்டுப் பயிற்றுநர் வேலைக்குப் போங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். வாய்ப்பு வராத ஆண்டில் பீரோவில் உரிமத்தை வைத்துவிட்டு மாடியில் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

2025 செப்டம்பரில் பயிற்சி முடிந்து முழுத் துணை விமானியாக விடப்பட்டாள். அந்த மாதமே சென்னையில் இருந்து திருச்சிக்கு ஒரு பயணம் விழுந்தது. அக்காவும் அத்தானும் நானும் காலையிலேயே திருச்சிக்குப் போய்விட்டோம். மேற்குக் காற்று இன்னும் ஓயவில்லை. அதனால் கிழக்கே துவாக்குடிப் பக்கமிருந்து காற்றை எதிர்கொண்டு 27ஆம் ஓடுபாதையில் இறங்குவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். அப்படி வரும்போது வலப்பக்கத்து சன்னல் வழியாகக் கல்லணை தெரியும். காவிரியும் வெண்ணாறும் பிரியும் இடம். துணை விமானியின் இருக்கை வலப்பக்கம். அந்தத் தண்ணீர்தான் எங்கள் எட்டு மாவுக்கும் வருகிறது.

அடுத்த பயணத்துக்கு இடையில் இருபது நிமிடம் தொலைபேசியில் பேசினாள். அத்தான் முதலில் கேட்டது: "கல்லணையைப் பார்த்தாயா பாப்பா?"

"இல்லை அப்பா. கேப்டன் ஓட்டினார். நான் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."